ஞாயிறன்று ஏறாத கோடு

திங்கள், காலை 8.40. மருந்துக் கிடங்கின் ஃபிரிட்ஜைத் திறந்த மருந்தாளர் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஐந்து டிகிரி, இருக்க வேண்டிய குளிர்தான். ஆனால் இருநூறு தடுப்பூசிக் குப்பிகளிலும் லேபிளில் இருந்த வெள்ளைச் சதுரம் கறுத்துப்போயிருந்தது. நாள்கணக்கில் சூடு பட்டால்தான் அது கறுக்கும். கறுத்த குப்பி குப்பைக்குத்தான்.

9.15. அவளுடைய தம்பி, ஃபிரிட்ஜ் மெக்கானிக், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்போல ஓடி வந்தான். சும்மாவே ஓரிடத்தில் நிற்காதவன், மருத்துவமனை வாசலில் மட்டும் நின்றான். சுள்ளென்ற வெயிலில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அணைந்தது.

"யாருண்ணே அணைச்சது?"

"யாரும் இல்ல தம்பி. பழைய சக்கர டைமர். ஆறு மணிக்குத் தானா அணையும். நேத்துக் காலையிலகூட சரியாத்தான் அணைஞ்சுது," என்றார் காவலாளி.

9.25. கண்காணிப்பாளரின் அறை. மேசைமேல் அக்காவின் பணிநீக்க உத்தரவு, தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பதினோரு வருடத் தற்காலிக வேலை, அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியது. பத்து மணிக்குத் தலைமை மருத்துவர் கையெழுத்துப் போட்டால் எல்லாம் போச்சு.

கண்காணிப்பாளர் மூலையில் இருந்த தன் குட்டி ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். அதன் ஒயர் பக்கத்திலிருந்த இன்வெர்ட்டருக்குப் போனது.

"கிடங்கு ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு பதிவுக்கருவி இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் குளிரைக் குறிக்கும், எட்டு டிகிரியைத் தாண்டினா அலறும். அது வரைஞ்ச இந்தக் கோட்டைப் பாருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு எட்டைக் கொஞ்சம் தாண்டி உடனே இறங்கியிருக்கு. அப்புறம் இன்னிக்கு வரைக்கும் நாலுதான். ஃபிரிட்ஜ் மேல தப்பே இல்ல. இந்தம்மா மருந்தை வெளிய வெச்சிட்டு, இன்னிக்கு உள்ள தள்ளியிருக்காங்க."

"நான் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன் சார்," என்றாள் அக்கா.

தம்பி கோட்டைப் பார்த்தான். ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி பார்த்தான்.

"கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு, சார்கிட்ட ஒண்ணு."

"ஃபிரிட்ஜை ரிப்பேர் பண்ணச் சொல்லி எழுதினியா?"

"மூணு தரம் எழுதினேன்டா. சார்தான் வாங்கி வெச்சுக்கிட்டார்."

9.50. தலைமை மருத்துவர் உள்ளே வந்தார். "டாக்டர், மின்சார ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க. நேத்து எப்ப கரண்ட் போச்சுன்னு கேளுங்க," என்றான் தம்பி.

தலைமை மருத்துவர் கேட்டார். நிமிர்ந்தார். "பகல் பன்னிரண்டே முக்கால்லேர்ந்து நாலு மணி வரைக்கும். மூணேகால் மணி நேரம்."

"கரண்ட் இல்லாதப்ப டைமர் நின்னிருக்கு. அதான் ஆறு மணிக்கு அணைய வேண்டிய வாசல் விளக்கு ஒன்பதே காலுக்கு அணைஞ்சுது. கிடங்கு ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் கிடையாது. மூணேகால் மணி நேரத்துல கோடு ஏறியே ஆகணும். ஏறலையே. அப்ப கருவி கிடங்குலயே இல்ல. கரண்ட் போனாலும் ஓடுற ஃபிரிட்ஜ் இங்க ஒண்ணுதான் இருக்கு."

எல்லோரும் குட்டி ஃபிரிட்ஜைப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை கம்ப்ரசர் நின்னுடுச்சு, கருவி அலறுச்சு. ரிப்பேர் மனுவை அமுக்கி வெச்சது தெரிஞ்சிடும்னு அதை எடுத்து இங்க வெச்சீங்க சார். இன்னிக்குக் காலையில திரும்பக் கொண்டுபோய் வெச்சீங்க. நேத்துக் கரண்ட் போய் வந்ததுல, கம்ப்ரசரை ஓட்டிவிடுற ரிலே சிக்கியிருந்தது விடுபட்டு, ஃபிரிட்ஜ் தானாவே ஓடியிருக்கு. அதான் இன்னிக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரி தெரியுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர் நாற்காலியில் சரிந்தார். "திங்கட்கிழமை ஆளை வரவழைச்சு சரி பண்ணிடலாம்னு நெனைச்சேன். அது கத்திக்கிட்டே இருந்துச்சு..."

தலைமை மருத்துவர் உத்தரவை இரண்டாகக் கிழித்தார்.

அக்காவுக்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் பொங்கியது. "என் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் சார் இருக்கு. ஒரு போன் பண்ணியிருந்தா ஐஸ்பெட்டியோட ஓடி வந்திருப்பேன். ஒரு குப்பிகூடக் கெட்டிருக்காது."