நெற்றியில் விழுந்த வேண்டுதல்

கல் மேலே போய் உட்கார்ந்த சத்தம் கேட்கவில்லை. "அம்மா..." என்று ஓர் ஆண்குரல்தான் கேட்டது.

வகானாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கோயிலின் தோரண வாயில் மீது கல்லை எறிந்து, அது கீழே விழாமல் அங்கேயே தங்கிவிட்டால் நினைத்தது நடக்கும் என்பது அந்த மலைப்பக்கத்து நம்பிக்கை. வருகிறவர்கள் எல்லாம் எறிந்து எறிந்து தொல்லை தாங்காமல், 'கல் எறியாதீர்கள்' என்று பலகை எழுதி நட்டு வைத்தது யார்? பூசாரியின் ஒரே மகளான இதே வகானாதான். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, விட்டும் விடாத தூறல், சுற்றிலும் ஈ காக்கை இல்லை... ஆசை யாரை விட்டது?

நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் படியேறி வந்தான். நெடுநெடுவென்ற உயரம். ஈரத் தலைமுடி புருவத்தில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... நியாயமாகப் பார்த்தால் அவை கோபப்பட்டிருக்க வேண்டும். சிரித்தன. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வாசல்ல தலையைத் தாழ்த்திட்டுத்தான் உள்ள வரணும்னு எனக்கும் தெரியும்ங்க. அதுக்காகக் கல்லால அடிக்கிறத இங்கதான் பார்க்கிறேன்."

"நீங்க ஏன் சொல்லாம கொள்ளாம வந்தீங்க?"

"கோயிலுக்குமா சொல்லிட்டு வரணும்?"

அவன் பார்வை மெல்லப் பலகைப் பக்கம் போனது.

"கல் எறியாதீர்கள்... அட, கையெழுத்து முத்து முத்தா இருக்கே. யாரு எழுதினது?"

அவள் முகம், கட்டியிருந்த கோயில் பாவாடையைவிடச் சிவந்துபோனது.

"...நான்தான்."

அவன் சிரித்தான் பாருங்கள், நெற்றி வலியை மறந்து, படியிலேயே உட்கார்ந்து அப்படிச் சிரித்தான்.

ஈரத்துணியை வைத்து அழுத்தும்போது பெயர் தெரிந்தது. ஒகுனோ ஷும்பெய். கீழே டவுனில் சோயா சாஸ் காய்ச்சும் ஒகுனோ குடும்பம். ஞாயிறானால் மலைக்கோயில் ஒன்றாகப் பார்த்து ஏறிவிடுவானாம்.

"வாரம் பூரா சாஸ் வாசனைங்க. ஒருநாளாவது மலைக்காத்து வேணும்ல... ஆமா, கல்லை எறிஞ்சு என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வெளிய சொன்னா பலிக்காது."

"அடி வாங்கினவன்கிட்டகூடச் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சரி, சாட்சி என்கிட்டயே இருக்கட்டும்" என்று அந்தக் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும்.

"மத்த மலையெல்லாம் என்னாச்சு, ஒகுனோ சான்?" குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துத்தான் கேட்டாள்.

"அங்கெல்லாம் யாரும் அடிக்கிறதில்லைங்க. போரடிக்குது."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சனிக்கிழமை இரவே ஏன் தூக்கம் வரமாட்டேன் என்கிறது? சீ... என்ன மனசு இது?

அவள் அப்பாவுக்கென்று அவன் ஒரு பாட்டில் சாஸ் கொடுத்துவிட்டுப் போனான். சோயாப் பால்கட்டியான தோஃபுவை அதில் தொட்டு வாயில் போட்ட அப்பா, "அடடா, ஒகுனோ கடை சரக்கு. கேட்கணுமா" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகத் திறந்தார்.

"அந்த வீட்டு மூத்த பையனா?"

"ஆமாப்பா."

"அவங்க தாத்தாவோட தாத்தா காலத்துப் பேரும்மா, கடைப்பலகைல தொங்குறது."

மீதியை அவர் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குப் பிறகு கோயிலைப் பார்க்க வகானாவை விட்டால் ஆளில்லை. அவளைக் கட்டுகிறவன் இந்த வீட்டுக்கு மகனாக வந்து, தன் குடும்பப் பெயரை விட்டு ஹிசாமட்சு என்ற இவர்கள் பெயரை ஏற்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், இனிப்பைத் தின்றார்கள், தேவதாரு மரங்களைப் புகழ்ந்தார்கள்... பெயர் விஷயம் காதில் விழுந்ததும் மலையிறங்கினார்கள். திரும்பி வரவேயில்லை.

இவனும் அப்படி இறங்கிப் போவதை அவளால் பார்க்க முடியாது. அதைவிட நாமே துரத்திவிடலாமே.

அடுத்த முறை அவன் வந்தபோது அவள் துடைப்பத்தைக் கீழே வைக்கவேயில்லை.

"இனிமே இங்க வராதீங்க, ஒகுனோ சான்."

"ஏன், குறி தவற ஆரம்பிச்சிடுச்சா?"

அவள் சிரிக்கவில்லை. "இந்த வீட்டுக்கு வர்றவர் தன் பேரை வாசல்லயே விட்டுட்டு வரணும். உங்ககிட்ட நான் அதக் கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன்."

அவன் சட்டைப்பையிலிருந்த கல்லைத் தொட்டுப் பார்த்தான். திரும்பிப் படியிறங்கினான். பார், இவனும்தான்...

மறு ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கு மறு ஞாயிறும் இல்லை. வகானா விழாத இலைகளையெல்லாம் பெருக்கினாள். மகள் கண்ணில் பட வேண்டாமென்று சாஸ் பாட்டிலை ஒளித்து வைத்துவிட்டு, அப்பா தோஃபுவை வெறும் உப்பில் தின்றார். பாவம், மனுஷன்.

மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. குடைகூட இல்லாமல், மூச்சு வாங்க அவன் வாயிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வாய் வேறு சொன்னது.

"வராதீங்கன்னு சொன்னேன்ல, ஒகுனோ சான்?"

"அப்படிக் கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிடுறதாம்?"

"இப்பவே பழகிக்கிறது நல்லது. கொஞ்ச நாள்ல அந்தப் பேரு என்கிட்ட இருக்காது."

அவள் வாயிலை நோக்கி ஓரடி வைத்தாள்.

"அப்பாகிட்ட சொன்னேன். ஒரு வாரம் என் மூஞ்சியையே பார்க்கல. அப்புறம் தங்கச்சி வாயத் தொறந்தா... 'அண்ணன் எப்பப் போவான், கடை எப்பக் கைக்கு வரும்னு வருஷக்கணக்கா காத்திருக்கேன்'னா. பீப்பாயை மோந்தே பதம் சொல்றவ அவதான். நான் சும்மா லாரி ஓட்டுறவன். அப்பாவுக்கு அழுறதா சிரிக்கிறதான்னே தெரியல."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஹிசாமட்சு ஷும்பெய்னு எழுதிப் பார்த்தேன். யாரோ மாதிரி இருந்துச்சு. பக்கத்துல வகானான்னு எழுதினேன்... அப்பத்தான் அது நான்னு பட்டுச்சு."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"உங்களப் பிடிச்சிருக்குன்னு நான் சொல்லவே இல்லையே?"

அவன் சட்டைப்பையிலிருந்து கல்லை எடுத்தான். "இப்பவாவது சொல்லுங்க. என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"...ஓடிப்போகாத ஒருத்தர் வேணும்னு."

அவன் கல்லைப் பார்த்தான். வாயிலை நிமிர்ந்து பார்த்தான். நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"அப்ப சரியாத்தான் வந்து விழுந்திருக்கு."

"பிடிச்சிருக்கு" என்றாள் அவள், மழைச்சத்தத்தைவிடச் சின்னக் குரலில். "ரொம்ப ரொம்பப் பிடிச்சிருக்கு."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "வகானா, அந்த சாஸ் பாட்டிலை எங்கம்மா ஒளிச்சு வெச்சேன்?"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஷும்பெய் சான்..." முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள். "மழைல நிக்காதீங்க. வீட்டுக்கு வாங்க."

வாசலில் முறையாகத் தலையைத் தாழ்த்திவிட்டு, அவன் உள்ளே வந்தான்.