திருப்பிக் கொடுத்த குறுவாள்

நியூசிலாந்தின் பாபடோயிட்டோயில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே துப்பறிவாளர் கதிர்காமநாதனின் அலுவலகம். உள்ளே வந்த பெண்மணி உட்காரவில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே ஆங்கிலத்தில் பேசினார்.

பெயர் மிசாவோ. ஜப்பானிய அரச குடும்பத்தின் சிறிய கிளையொன்றில் பிறந்தவர். காலின் என்ற நியூசிலாந்துக்காரரை மணந்த அன்றே, ஜப்பானியச் சட்டப்படி, பட்டத்தை இழந்தவர். பிறந்தபோது அரண்மனை தந்த குறுவாள் மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது.

"நேற்று அரண்மனை அதிகாரி என்று ஒருவர் வந்தார். 'இளவரசி அவர்களே, குறுவாளைத் திருப்பித் தர வேண்டும்' என்றார். கொடுத்துவிட்டேன். டோக்கியோவில் கேட்டால், யாரையும் அனுப்பவில்லை என்கிறார்கள். பொலிசுக்குப் போனால் பத்திரிகையில் வந்துவிடும்."

"வாள் உங்களிடம் இருப்பது யாருக்குத் தெரியும்?"

"இங்கே என் கணவருக்கு மட்டும். போன மாதம் அப்பா இறந்த பிறகுதான் அதை வெளியே எடுத்தேன். தினமும் உருவிப் பார்ப்பேன்."

"வந்தவர் எங்கே உட்கார்ந்தார்?"

"கூடத்தில். கம்பளம் முழுக்க அவர் சப்பாத்துச் சேறு."

மிசாவோ போனதும் உதவியாளர் சோபனா பரபரத்தாள். கோயம்புத்தூர்க்காரி. "சார், பழம்பொருள் திருடுற கும்பல்தான். ஏர்போர்ட்ல சொல்லி வெச்சிரலாமா?"

"பொறுங்கோ சோபனா. பின்னேரம் ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்கோ. புருசனோட கதைக்க வேணும்."

பின்னேரம் மிசாவோ முதலில் வந்தார்; மங்கரேயின் சரக்குக் கிடங்கிலிருந்து வேலை உடுப்போடு வந்தார் காலின். கதிர்காமநாதன் நிதானமாகத் தொடங்கினார்.

"ஜப்பானில் வளர்ந்தவர் சப்பாத்தோடு வீட்டுக்குள் வரமாட்டார். அரண்மனை அதிகாரி, பட்டம் போனவரை 'இளவரசி' என்று அழைக்கமாட்டார். ஆகவே வந்தவர் இங்கே வளர்ந்தவர், யாரோ சொல்லிக்கொடுத்ததைப் பேசியவர். வாளைப் பற்றிச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான், காலின்."

காலின் மறுக்கவில்லை. "என்னோடு வேலை செய்கிறவன். நான்தான் அனுப்பினேன். வாள் காரில் இருக்கிறது."

"விக்கிறதுக்கா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, சோபனா அதையே ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை. அவள் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. உருவிய வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போனால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை."

மிசாவோ கணவர் பக்கம் திரும்பினார். "என்னிடமே கேட்டிருக்கலாமே?"

"என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது."

கீழே கடைக்காரர் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. மிசாவோ காலினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பயந்தது சரிதான்" என்றார். "இப்போதைக்கு அது உன்னிடமே இருக்கட்டும்."