பால்வோரன் நிலத்தின் எல்லை

ஜெராக்ஸ் காகிதத்துக்கு ஈர மண் வாசனை வராது. அது இஷ்பெலுக்கு நன்றாகவே தெரியும். பழைய பத்திரங்களைத் துருவி, இன்ன நிலம் எங்கே இருக்கிறது, இன்றைக்கு யாருக்குச் சொந்தம் என்று வக்கீல்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் பன்னிரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. ஆனால் எடின்பரோவிலிருந்து நேற்றுத் தபாலில் வந்த பால்வோரன் எஸ்டேட்டின் நகல்கள், அடுப்பில் கொதிக்கும் பார்லி சூப்பின் மணத்தையும் மீறி, அப்போதுதான் வெட்டிய குழி மாதிரி நாறின. காகிதங்களை ஜன்னலோரம் தள்ளி வைத்துப் பார்த்தாள். வாசனை தள்ளிப் போகவில்லை.

டிசம்பர் மாதம். மணி மூன்றுதான், அதற்குள் வெளிச்சம் கிளம்பத் தயாராகிவிட்டது. பின்பக்கத் தோட்டத்தில் ஆறு வயது மைரி, பனியில் இறுகிக் கிடந்த தரையில் குதித்து விளையாடும் சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிற வரைக்கும் இஷ்பெலுக்கு நிம்மதி. அவளுக்கு இருப்பது அந்தப் பிள்ளை ஒன்றுதான். இந்த ஊருக்குக் குடிவந்து மூன்று மாதமாகியும் மைரியோடு விளையாடத் தங்கள் பிள்ளையை அனுப்பியவர் ஒருவரில்லை. ரொட்டி வாங்கப் போனால் கடையில் பேச்சு நின்றுவிடும். பக்கத்து வீட்டுக் கிழவர்கள் மர்டோ பெட்ரியும் அவர் தம்பி ஸ்ட்ரூவனும் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு முறைப்பதோடு சரி. நேற்றுத்தான் மர்டோ முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"பால்வோரனைத் தேடுறியாமே?"

"ஆமாங்க. அது எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தேடுறவ நீ. நீயே கண்டுபிடி."

தம்பி சிரித்தார். அந்தச் சிரிப்பு இஷ்பெலுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவள் மறுபடி காகிதங்களில் குனிந்தாள். முந்நூறு வருஷத்தில் பதினொரு உரிமையாளர்கள். அந்தக் காலத்தில் நிலம் கைமாற வெறும் எழுத்து போதாது. அந்த நிலத்திலேயே நின்று, இரண்டு சாட்சிகள் பார்க்க, ஒரு பிடி மண்ணும் ஒரு கல்லும் கையில் வாங்கினால்தான் சொந்தம். சட்டம் அதை ஒழித்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பால்வோரனில் மட்டும் கடைசிப் பத்திரம் வரை, அதாவது அவள் பிறந்த வருஷம் வரை, மண்ணும் கல்லும் கைமாறியிருந்தன. 'இன்னாருக்கும் இன்னாருடைய வாரிசுகளுக்கும்' என்ற வரியும் தவறாமல் இருந்தது. எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதான், அவள் கண் அதில் நிற்பதே இல்லை.

ஆனால் வாரிசு என்று ஒருவர்கூட வந்த பாடில்லை. ஒவ்வொரு முறையும் வெளியூர் ஆள்தான். நிலம் அளக்க வந்த சர்வேயர். வரைபடம் போட வந்தவர். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு குடிவந்த ஒரு டீச்சர். கைமாறியதற்கான காரணமும் ஒன்றே: 'முந்தையவர் நிலத்துக்குள் போய்விட்டபடியால்.' இறந்துவிட்டபடியால் என்று எங்குமே இல்லை.

சாட்சிகள், பெட்ரி, பெட்ரி. பதினொரு முறையும்.

அவள் மளமளவென்று எல்லைக்குறிப்பைப் புரட்டினாள். 'சர்ச்சில் தொடங்கி, ஓடையைப் பிடித்துக்கொண்டு, மூன்று முனை வெள்ளைக் கல் வரை.' வக்கீல் முன்பே எழுதி அனுப்பிய இந்தக் குறிப்பில் வரும் சர்ச், ஐந்து மைல் தள்ளி மேட்டில் இருப்பதுதான் என்று நம்பி, அங்கே ஒரு வாரம் சேற்றை மிதித்திருந்தாள். பழைய வரைபடத்தை இப்போதுதான் பிரித்தாள். மேட்டுச் சர்ச் பிற்பாடு கட்டியது. பத்திரம் எழுதிய காலத்துச் சர்ச், அவள் தெருக்கோடியில் இடிந்து கிடக்கும் சுவர். பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் எப்படி இதைக் கோட்டை விட்டாள்? சுவரிலிருந்து ஓடையோரமாக விரலை நகர்த்தினாள். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

மூன்று முனை வெள்ளைக் கல். பின்பக்கத் தோட்டத்தில் மைரி தினமும் உட்கார்ந்து ஷூ மாட்டுகிற கல்.

வெளியே டக் டக் சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது? தெரியவில்லை. நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஓடினாள். கதவு. குளிர். மண் வாசனை, மூச்சு முட்டும் அளவுக்கு.

மதிலுக்கு இந்தப் பக்கம் கிழவர்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கல்லருகே மைரி. அவள் உள்ளங்கையில் ஒரு பிடி மண். மண்மேல் ஒரு கூழாங்கல்.

"அம்மா, என் ஷூ வர மாட்டேங்குது."

மண்வெட்டிகூட இறங்காத தரை. அதற்குள் பிள்ளையின் பாதங்கள் கணுக்கால் வரை போயிருந்தன. சேறு இல்லை. பள்ளம் இல்லை. இஷ்பெல் அவளை அக்குளில் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க முழங்கால் போனது.

"விட்ருங்க அவளை."

"நாங்க எங்கம்மா பிடிச்சோம்?" என்றார் மர்டோ. "கையை நீட்டுச்சு, குடுத்தோம். ஆனா சின்னப் பிள்ளைக்குக் குடுத்தது செல்லாது. பெரியவங்க யாராச்சும் அது கையிலேர்ந்து வாங்கிக்கிட்டா, அது வெளியே வந்துரும்."

"படிச்சவதானே நீ," என்றார் ஸ்ட்ரூவன். "உனக்கா தெரியாது?"

தொடை. இடுப்பு. மைரி அழ ஆரம்பித்தாள். இஷ்பெலுக்கு யோசிக்க எதுவுமில்லை.

"குடு கண்ணு. அம்மா கையில குடு."

மண் சூடாக இருந்தது. கல்லும். தரை பிள்ளையை விட்டது.

"ஓடு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கோ. திரும்பிப் பார்க்காதே."

மைரி ஓடினாள். டக் டக் டக். இஷ்பெலின் பாதங்களைச் சுற்றி வெதுவெதுப்பு ஏறியது. வலியில்லை. பயமும் குறைந்துவிட்டது. கதவுக்குப் பத்துக் காலடிதான். அது போதும் அவளுக்கு.

மர்டோ தொப்பியை அணிந்துகொண்டார். பத்திரம் வாசிக்கும் குரல் அவருக்கு.

"இஷ்பெல் கில்கிறிஸ்டுக்கும்..."

ஆறு. ஏழு.

"...அவளுடைய வாரிசுகளுக்கும்," என்று தம்பி முடித்தார்.

சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. இஷ்பெல் திரும்ப முயன்றாள். முடியவில்லை, இடுப்பு வரை மண். முதுகுக்குப் பின்னால், தரையை ஒட்டி, அந்தக் குரல் கேட்டது.

"அம்மா, மறுபடியும் ஷூ வர மாட்டேங்குது."