உற்றுநோக்கு விதி

கோத்தகிரியில் தினமும் சூரியனோடு சேர்ந்து வரைபடமும் புதிதாய் உதித்தது. தும்பியளவுப் பறப்பிகள் மலையை அளந்து அனுப்ப, 'மலைவரைவி' என்ற இயந்திரம் நேற்றைய நிலத்தையும் இன்றைய நிலத்தையும் ஒப்பிட்டு, சரிந்த மேட்டையும் புதிதாய் விழுந்த ஓடையையும் தானே வரைந்துவிடும். பேருந்தும் ஆம்புலன்சும் அதைக் கேட்டுத்தான் கிளம்பும். ஆட்களை அது வரையாது, சட்டம் அப்படி. ஆனால் ஆட்கள் நடந்து புல் தேய்ந்தால், அந்த ஒற்றையடிப் பாதை மறுநாள் புள்ளிக்கோடாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி வந்த ஒரு புள்ளிக்கோடுதான் நிலவரைவு மையத்தின் தலைமைப் பொறியாளன் சோமசேகரனின் நிம்மதியைக் கெடுத்தது. அது அவன் வீட்டுச் சமையலறை வாசலில் தொடங்கி, சரிவில் இறங்கி, கீழ்வீட்டு ரெஜிஸின் பின்கதவில் போய் நின்றது. ரெஜிஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தனிக்கட்டை. சோமசேகரனின் மனைவி ஜெஸிந்தாவைப் போலவே தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்.

"பகல்ல என்ன பண்ணின ஜெஸி?" என்று அன்று மாலை ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டான்.

"துணி காயப்போட்டேன். மழை வந்துச்சு, எடுத்தேன். வெயில் வந்துச்சு, திரும்பப் போட்டேன். ஒங்க ஊரு வானத்துக்கு ஒரு புத்தி கிடையாது," என்று சிரித்தாள் அவள்.

காதலித்துக் கைப்பிடித்தவள். அவன் வீடு சுத்த சைவம். "எனக்காக மீனையே விட்டுட்டா!" என்று விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவன் பெருமையடிப்பான். அப்போதெல்லாம் அவள் இலையிலிருக்கும் பொரியலை விரலால் நகர்த்திக்கொண்டிருப்பாள். அன்று மாலை அவள் சிரித்த சிரிப்புக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமோ என்று இப்போது அவனுக்கு உறுத்தியது.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் கிடைத்த நேரமெல்லாம் அந்தச் சரிவைத் திறந்து பார்த்தான். தேநீருக்கு முன்னும் பார்த்தான், பின்னும் பார்த்தான். பாதை அகலமாகிறதா, புதிதாய் மண் மிதிபட்டிருக்கிறதா? பார்த்து முடித்தவுடன் தன்மேலேயே அருவருப்பு வரும். ஆனாலும் விரல் மறுபடி அங்கேதான் போகும்.

அந்தப் பித்தில் அவன் எழுதிய விதியே அவனுக்கு மறந்துபோயிற்று. முழு மலையையும் நுணுக்கமாய் அளக்கப் பறப்பிகள் போதாது. ஆகவே பார்க்கிறவர்கள், முக்கியமாகப் பொறியாளர்கள், எந்த இடத்தை அடிக்கடி பார்க்கிறார்களோ, அங்கே ஆபத்து இருக்கிறது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். மற்ற இடத்துப் பறப்பிகளையும் அங்கே திருப்பிவிடும். உற்றுநோக்கு விதி என்று அதற்குப் பெயர். அதற்காகத்தான் அவனுக்குப் பாராட்டு விழாவே ஏற்பாடாகியிருந்தது.

விழாவில் குடும்பத்தார் எல்லோரும் இருந்தார்கள். ஜெஸிந்தா இரண்டாம் வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். மாவட்ட ஆட்சியர் அம்மா ஆவலாய்க் கேட்டார்: "போன மழையில விரிசல் விட்ட தேயிலைத் தோட்டத்துச் சரிவைக் காட்டுங்க. கீழே நாப்பது வீடு இருக்கே."

திரையில் மங்கலான கோடுகள் வந்தன. "இது பழைய அளவு. பறப்பிகள் அதிக ஆபத்துள்ள இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளன," என்றது இயந்திரம்.

"அதைவிட ஆபத்தா? அது எந்த இடம்?"

சோமசேகரன் "வேண்டாம்..." என்று வாய் திறப்பதற்குள் திரை நகர்ந்துவிட்டது. மலையிலேயே மிகத் துல்லியமான படம். அவன் வீடு, கொடியில் துணி, துவைக்கிற கல், சரிவில் இறங்கும் பாதை, ரெஜிஸ் வீட்டுப் பாறையில் விரித்த சாக்கு, அதன்மேல் வரிசை வரிசையாய் ஏதோ.

"என்ன அது?" என்றார் ஆட்சியர்.

"உலரும் மீன்," என்றது இயந்திரம். "இந்தச் சரிவைக் கவனித்தவர்: தலைமைப் பொறியாளர்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆட்சியர் சிரிக்கவில்லை. "முதல்ல அந்த விரிசலை அளங்க," என்று மட்டும் சொன்னார். நல்லவேளை, சரிவு தாங்கியிருந்தது. ஆனால் சோமசேகரன் ஜெஸிந்தாவின் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

வீட்டில் அவள் சேலையைக்கூட மாற்றாமல் நின்றாள். "கருவாட்டுக் கொழம்பு. வாரத்துக்கு ஒரு நாளு. ஒங்களுக்கு வாடை ஆகாதேன்னு அங்க போய் வச்சுச் சாப்பிட்டு, குளிச்சிட்டு வருவேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா? என் வயித்துப் பசியை வானத்துலேருந்து எட்டிப் பாக்கணுமா?"

அவன் கைத்திரையை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

அதன்பிறகு அவள் சரிவில் இறங்கவில்லை. ஆனால் ஊரே அந்த வீட்டைக் கைத்திரையில் திறந்து பார்த்தது. ஊர்ப் பார்வையையும் இயந்திரம் கணக்கில் எடுத்துக்கொண்டது. பறப்பிகள் கூரைமேல் ஈயாய் மொய்த்தன. விதியை நீக்கச் சொல்லி அவன் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தான். பதில் வரவில்லை. வேறொரு கேள்வி வந்தது, இயந்திரத்திடமிருந்து: "இந்தப் பாதையில் புல் முளைக்கிறது. வரைபடத்திலிருந்து அழித்துவிடலாமா?"

அவனால் 'சரி' என்று அழுத்த முடியவில்லை. ஊர் பார்க்கட்டும் என்று பட்டப்பகலில் தானே சரிவில் இறங்கிப் பின்கதவைத் தட்டினான்.

ரெஜிஸ் எட்டிப் பார்த்தார். "வாங்க சார். மூக்கைப் பொத்தாமலா வந்தீய?"

"மன்னிச்சுக்கோங்க சார். உங்களையும் சேர்த்துத்தான் தப்பா நெனச்சேன்." செருப்பை வாசலில் கழற்றினான். "கொஞ்சம் கருவாடு வேணும். ஜெஸி எங்க வீட்டு அடுப்புல வைக்கட்டும்."

ரெஜிஸ் கதவை அகலத் திறந்துவிட்டார். பிறகு உள்ளே போய்ச் சீலா மீன் கருவாட்டைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார்.

ஜெஸிந்தா பொட்டலத்தை முகர்ந்தாள். கண் கலங்கியது, குரல் இளகவில்லை. "வைக்கேன். ஆனா ஒங்க பூச்சியெல்லாம் போன பொறவுதான் நீங்க உள்ள வரணும்." கதவும் சன்னலும் சாத்தப்பட்டன.

அவன் முற்றத்தில் நின்றான். போய்விட்டனவா என்று அறியப் பழக்கதோஷத்தில் கைத்திரையை எடுத்து வீட்டைத் திறந்து பார்த்தான். தலைக்குமேல் புதிதாய் ஒரு பறப்பி வந்து சேர்ந்தது. நம்பாமல் மறுபடி பார்த்தான். இன்னொன்று வந்தது.

"அதைப் பாக்காதீய!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரையைப் பைக்குள் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சன்னல் இடுக்கில் கருவாட்டு வாடை கசிந்து வந்தது.