இரண்டு தட்டு

மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தது. அவளுடைய போன், வேலைக்கான லேப்டாப், டிவி. நான்காவதாக, ‘டீச்சர் டேப்’.

நெட் இழுக்கிறதே, வைஃபையில் என்னென்ன தொற்றிக்கொண்டிருக்கிறது என்று போனில் வைஃபை கம்பெனி ஆப்பில் பார்க்கப் போனவள், அந்த ஒரு வரியைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் செத்து நாற்பது நாளாகிறது. அந்த டேப்லெட்டை டீச்சரின் தம்பி துணிமணியோடு மூட்டை கட்டி எடுத்துப் போனதை இவளே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. இப்போது மணி நாலு. வெளியே வெயில் கண்ணைக் கூச வைக்கிறது, எதிர் மாடியில் யாரோ போர்வையை உதறுகிறார்கள். பேய் பிசாசு என்று பயப்பட இதுவா நேரம்?

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. காதுதான் சோறு போடுகிறது. இருமலுக்கு நடுவே ஒரு டாக்டர் முழுங்கிவிட்ட மருந்துப் பெயரைக்கூடப் பிடித்துவிடுகிற காது. கை நீட்டிய புருஷனிடமிருந்து ஒரே ஒரு பையோடு வெளியே வந்தவள், அந்தக் காதை நம்பித்தான் இந்த வீட்டைப் பிடித்தாள். இரண்டே அறை, ஆனால் சாவி அவள் கையில். இனி எவனுக்காகவும் எதற்காகவும் வீட்டை விட்டு ஓடுவதில்லை என்று முதல் நாள் உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டபோதே முடிவு செய்துவிட்டாள்.

டீச்சர் வீடும் இவள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். “உன் வைஃபை என் ஹால் வரைக்கும் வருதும்மா, நான் எதுக்குத் தனியா வாங்கணும்?” என்று டீச்சர் கேட்டபோது இவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. அவரும் தனிக்கட்டை. நெட் போனால் டீச்சர் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். இவள் வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு, வந்துவிட்டது என்று ஒரு தட்டு தட்டுவாள். போனில் சொல்லலாம்தான். ஆனால் தட்டுவதில் இரண்டு பேருக்கும் ஒரு குஷி.

பிறகு, இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கின கதையாக, டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் டீச்சர் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். எல்லாம் வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்து படம் பார்த்தன. இவள் அனுப்ப வேண்டிய ஃபைல் போகாமல் தொங்கியது. மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை, ஒரு வார்த்தை சொல்லாமல், பாஸ்வேர்டை மாற்றினாள்.

பதினொரு மணிக்குத் தட்டு ஆரம்பித்தது. இரண்டு. கொஞ்சம் விட்டு இரண்டு. தட்டட்டும், நன்றாகத் தட்டட்டும் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒன்றரைக்குக் கழற்றியபோதும் கேட்டது, இந்த முறை சுவரின் அடியில், தரையோடு தரையாக. அப்போதும் வீம்புதான் ஜெயித்தது. ஐந்து மணிக்கு டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் அலறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. டீச்சர் சர்க்கரை இறங்கி விழுந்திருந்தார். “ரெண்டு மூணு மணி நேரம் உயிர் இருந்திருக்கும். யாராவது கவனிச்சிருந்தா...” என்று டாக்டர் இழுத்தார். தட்டின சத்தத்தைப் பற்றி இவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக்காவுக்கு போன் போட்டாள்.

“அக்கா, டீச்சரோட டேப் என் வைஃபைல இருக்கு.”

“பழசு ஏதாவது காட்டும்டி.”

“அன்னைக்கே பாஸ்வேர்டு மாத்திட்டேன். அப்புறம் எப்படிக்கா வரும்?”

“நீ கிளம்பி இங்க வந்துடு. சாமானெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“வர மாட்டேன். இது என் வீடு.”

பாஸ்வேர்டை மாற்றி, தன்னுடைய மூன்றிலும் புதிதாகப் போட்டாள். பட்டியலில் மூன்று. மூச்சு விட்டாள். நான்கு. இந்த முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரல் போன போக்கில் எதையோ அடித்தாள், தனக்கே தெரியாதபடி. அவளுடைய மூன்றும் கழன்றுகொண்டன. சிம் நெட்டைப் போட்டு மறுபடி பட்டியலைத் திறந்தாள். ஒன்றே ஒன்று இருந்தது. ‘டீச்சர் டேப்’.

மின்விசிறியின் கிறீச், சமையலறைக் குழாய் சொட்டுவது, ஃப்ரிட்ஜின் உறுமல், தெருவில் போகிற வண்டி என்று ஒவ்வொரு சத்தமாகக் காது பிரித்துப் பிரித்து ஒதுக்கிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகு, அடியில் ஒன்று மிச்சம் இருந்தது.

இரண்டு தட்டு.

சுவரின் அடியில்.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். பச்சை விளக்கு அணைந்தது. இரண்டு தட்டு. மின்விசிறியை நிறுத்தினாள். இரண்டு தட்டு. பயம் ஒரு அளவு வரைக்கும்தான் பயமாக இருக்கும், அதைத் தாண்டினால் கோபம் வந்துவிடும். அவளுக்கு வந்தது. சுவருக்கு எதிரே போய் நின்றாள்.

“ஆமா, நான்தான் மாத்தினேன்! நீங்க தட்டினது கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். விழுந்து கிடக்கீங்கன்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தப்புதான். அதுக்காக நான் ஓடிப் போயிடுவேன்னு நினைக்காதீங்க. ஒருத்தனுக்குப் பயந்து ஓடினதே போதும். போக மாட்டேன். தைரியம் இருந்தா நீங்க இந்தப் பக்கம் வாங்க!”

தட்டு நின்றது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது, சிரிப்புக்கூட வந்தது.

போன் அடித்தது. வீடியோ கால். திரையில் டீச்சரின் பெயர்.

எடுக்காவிட்டால் பயந்தது போல் ஆகிவிடும். எடுத்தாள்.

தரை. வெயில் விழுந்த, வழவழப்பான தரை. பூட்டிய வீட்டின் ஹாலாக இருக்கும் என்று நினைத்தாள். ஓரத்தில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது. சற்று முன் அவள் பிடுங்கி எறிந்த பிளக்.

படம் நகர்ந்தது. மெதுவாக. தரையோடு தரையாக. நைட்டியின் விளிம்பு தெரிந்தது. அதன் கீழே இரண்டு குதிகால்கள், வெடிப்போடு.

வலது காலை லேசாகத் தூக்கினாள். திரையிலும் ஒரு குதிகால் உயர்ந்தது.

பின்னால் இருந்து. மிக அருகில்.

படத்துக்குள் ஒரு கை வந்தது. விரல்களில் விடைத்தாள் திருத்திய சிவப்பு மை. அது முஷ்டியாக மடங்கித் தரையில் தட்டியது. அவள் காலடியில் தரை அதிர்ந்தது. ஒன்று. ஒன்றே ஒன்று. வந்தாச்சு.

அவள் திரும்பவில்லை.

“போக மாட்டேன்” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

திரையில் அந்தக் கை விரிந்தது. சிவப்பு விரல்கள் ஒவ்வொன்றாக அவள் கணுக்காலைச் சுற்றி மூடிக்கொண்டன.