உலைக்கூடத்தில் ஓடிய கடிகாரம்

கையை விட்டுவிடாதே. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு. நீ விட்டால் அவன் போய்விடுவான்.

நர்ஸ் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வாய்விட்டு அல்ல. உலைக்கூடத்துத் தரையில் மண்டியிட்டு, ஊரே நெட்டையன் என்று கூப்பிடும் தொழிலாளியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நாடியை எண்ணுவதற்காக மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். முள் அசையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிவந்த வேகத்தில், வாசல் சுவரில் வரிசையாக ஆணியில் மாட்டியிருந்த கைக்கடிகாரங்கள்மீது உரசிக்கொண்டு வந்தாளே, அப்போது இடித்திருக்கும் என்று நினைத்தாள். குனிந்தபோது பின்னாலிருந்து யாரோ கொண்டை ஊசியைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. திரும்பினாள். யாருமில்லை.

மனசுக்குள்ளேயே எண்ணத் தொடங்கினாள். பாதியில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உருகிய அலுமினியம் நிறைந்த தொட்டியில் நெட்டையன் கரண்டியை விட்டான். கரண்டியில் ஈரம். தண்ணீர்ப் பொட்டு பட்டதும் உலோகம் வெடித்துக் கிளம்பிவிட்டது. கரண்டி வைக்க இன்னும் அலமாரி வரவில்லை. முற்றத்தில் கிடந்து காலையில் பெய்த மழையில் நனைந்திருக்கிறது. அதனால்தான் அந்த விதி: ஷிப்ட் எஞ்சினியர் பக்கத்தில் நின்று, கரண்டி காய்ந்ததைப் பார்த்துச் சொன்ன பிறகே தொட்டியில் விடவேண்டும்.

அந்த ஊரில் எல்லாமே அப்படித்தான், வந்தும் வராததுமாக இருந்தது. காகிதத்தில் கோடு போட்டு எழுப்பிய ஊர். தெருக்களுக்கு எண் வந்துவிட்டது, பெயர் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மணி வந்துவிட்டது, கூரை வரவில்லை. நட்ட செடிகளைவிட அவற்றைத் தாங்கிய குச்சிகள் உயரமாக நின்றன. இதற்கெல்லாம் நிலம் கொடுத்தவர்களில் நெட்டையனும் ஒருவன். நிலத்துக்குப் பதில் ஒரு வேலை, ஒரு வீடு. அவன் உழுத வயலின்மேல்தான் இப்போது புகைபோக்கி நிற்கிறது.

சாயங்காலமே பொது மேலாளர் தன் அறையில் விசாரணையை வைத்தார். எதிரே ஷிப்ட் எஞ்சினியர். மேலாளரின் மகளைக் கட்டியவர் என்பதால் தொழிலாளிகள் வாயில் அவர் வெறும் ‘மாப்பிள்ளை’. சுவரோரமாக, நெட்டையனோடு வேலை பார்த்த குள்ளன். நர்ஸுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

“நீ எங்கய்யா இருந்தே?” என்றார் மேலாளர் குள்ளனிடம்.

“கடைசித் தொட்டிகிட்ட சார்.”

“எஞ்சினியர் எச்சரிச்சது காதுல விழுந்துதா?”

“இல்ல சார்.”

“அவரைப் பாத்தியா?”

“பாக்கல. ஆனா இல்லவே இல்லன்னு எப்படிச் சொல்றது? அந்தத் தூசியில என் பொண்டாட்டியே எதிர்ல வந்து நின்னாலும் தெரியாது.” குள்ளன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அவன் அவசரக்காரன் இல்ல சார். கல்யாணத்துக்கே யோசிச்சு யோசிச்சுத்தான் சம்மதிச்சான்.”

“நான் வேண்டாம்னு கத்தினேன் மாமா,” என்றார் மாப்பிள்ளை. “கேக்காம விட்டுட்டான்.”

மேலாளர் நர்ஸிடம் திரும்பினார். “உயிர் எத்தனை மணிக்குப் போச்சும்மா?”

“தெரியல சார். என் கடிகாரம் நின்னுபோச்சு.”

“நான் சொல்றேன் சிஸ்டர்.” மாப்பிள்ளை உதவிக்கு வந்தார். “வெடிச்சது மூணு பத்து. தொட்டி பக்கத்துல நின்னு வாட்ச்சைப் பாத்தேன்.”

நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இந்தச் சங்கடம் உண்டு; பொருந்தாத ஒன்றைப் பார்த்துவிட்டால் பேசாமல் இருக்க முடியாது. பேசியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் நிறைய.

“இந்த வாட்ச்சா சார்?”

“ஆமா.”

“கையிலதான் கட்டியிருந்தீங்களா?”

“கல்யாணத்துக்கு மாமா போட்டது. குளிக்கறப்ப மட்டும்தான் கழட்டுவேன்.”

“இப்ப மணி என்ன?”

“அஞ்சு.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஐந்து மணிச் சங்கு ஊதியது.

“அப்ப நீங்க உலைக்கூடத்துல இல்ல,” என்றாள் நர்ஸ்.

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“வாசல் சுவர்ல ஆளாளுக்கு வாட்ச்சைக் கழட்டி மாட்டியிருக்காங்க. ஏன்னு அப்ப எனக்குப் புரியல. உள்ள போனதும் என் கடிகாரம் நின்னுது. குனிஞ்சப்ப கொண்டை ஊசியை என்னவோ இழுத்துது. அந்தத் தொட்டிகளுக்கு மின்சாரம் கொண்டுபோற பட்டைங்க எவ்வளவு தடிமன்! அந்த இடமே பெரிய காந்தம் மாதிரி இருக்கு. என் கடிகாரத்தை நிறுத்தின காந்தம் உங்க வாட்ச்சை மட்டும் விட்டுவைக்குமா? அது சங்கோட சேந்து ஓடுது. நீங்க அந்தப் பக்கமே போகல.”

மேலாளர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆணிகளை அடிக்கச் சொன்னவரே அவர்தான்.

“மாமா... சாப்பிட்டுட்டு உக்காந்தேன். கண் அசந்துடுச்சு,” என்றார் மாப்பிள்ளை. குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரலாகிவிட்டிருந்தது. “கொஞ்ச நேரம்தான்.”

“தொட்டி காத்திருக்காது, பாத்துச் சொல்ல ஆளில்லாமத்தான் செத்தானா?” குள்ளன் ஓரடி முன்னால் வந்தான்.

மேலாளர் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே நெட்டையனின் மனைவி, யாரோ கொடுத்த தம்ளரைக் குடிக்காமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து வராங்கம்மா. இந்த ஊர் இன்னும் தவழ்ற குழந்தை. இப்ப இது வெளிய போச்சுன்னா மூடிட்டுப் போயிடுவாங்க. என் பொண்ணு வாழ்க்கையும் இருக்கு.” அவர் குரலில் நடிப்பில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “கடைசியில அவன் கையைப் பிடிச்சிருந்தது நீதான். ‘என் தப்புதான்’னு சொல்லிட்டுச் செத்தான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. செத்தவனுக்கு அதனால என்ன வந்துடப்போகுது?”

“அவங்க வீடு சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்பு அவனோடதுன்னா காலி பண்ணணும். விதி அப்படி. நான் வேற ஏதாவது பாத்துக்குடுக்கறேன்.”

“எங்க போவாங்க? வயல் நம்மகிட்ட இருக்கு.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “ஆஸ்பத்திரி பெருசாகப்போகுது. தலைமை நர்ஸ் வேணும்,” என்றார் மெதுவாக. “நீயும் கம்பெனி வீட்டுலதானே இருக்கே? அவசரமில்ல. ராத்திரி பூரா யோசிச்சுச் சொல்லு.”

தன் வீட்டை நினைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு அவள் தனியாகத் தூங்கும் வீடு. பயமாகத்தான் இருந்தது. அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று எழுந்தாள்.

“யோசிச்சுட்டேன் சார்,” என்றாள். “மாட்டேன்.”