முந்திய மை

கியோட்டோவில் ஒன்பதாவது நாளாக மழை. துப்பறியும் சகுமாவின் வாசலில் செருப்பைக் கழற்றிய இருவரும் ஒரே படச்சுருளை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். ஒருவர் தெருஹிகோ, போன மாதம் இறந்த ஓவியரின் மகன், ஒசாகாவில் பல் வைத்தியர். மற்றவள் மினேகோ, ஓவியரின் மாணவி.

உதவியாளர் இபுகி சுருளை விரித்தார். மையில் வரைந்த நாணல், அதில் ஒரு வாலாட்டிக் குருவி. பக்கத்தில் நடுங்கிய எழுத்து: ‘என் ஓவியக்கூடமும் முத்திரையும் இனி மினேகோவுக்கு.’

“இவ எழுதினது,” என்றார் தெருஹிகோ. “அப்பா போன அன்னிக்குச் சாயங்காலம் பார்த்தேன். படம் முடிஞ்சிருந்துது, எழுத்தே இல்லை. பாருங்க, எழுத்தோட வால் இலைக்கு மேலயே ஓடுது!”

“ஆமா சகுமா-சான், எழுத்துதான் பிந்தினது!” என்றார் இபுகி ஆவலாக.

“நான் எழுதலைங்க. நாளைக்கே என்னைக் கூடத்தை விட்டுப் போகச் சொல்றார்.” மினேகோவின் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

சகுமா எழுத்தும் இலையும் குறுக்கிடும் இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அதே வகை ஓவியத்தாளையும் மையையும் எடுத்து வைத்தார்.

“இபுகி, ஒரு கோடு இழுங்க. மினேகோ-சான், அதுக்குக் குறுக்கே ஒரு நாணல் இலை.”

இபுகியின் கோடு புழுவாக நெளிந்தது. மினேகோ ஒரே வீச்சில் இலையை இழுத்தாள். மை ஊறியது. பின்னால் வந்த இலை, கோட்டுக்கு அடியில் புகுந்து போனதுபோல் தெரிந்தது.

“இந்தத் தாள்ல முதல்ல பட்ட மை இடம் விடாது,” என்றார் சகுமா. “மேல தெரியறதுதான் முந்தினது. எழுத்துக்கு அப்புறம்தான் இலை. எழுத்தில்லாம முடிஞ்ச படத்தை நீங்க பார்த்திருக்கவே முடியாது, டாக்டர்.”

தெருஹிகோ தலைகுனிந்தார். “நான் அன்னிக்கு வரவே இல்லை. எழுத்து அப்பாவோடதுதான். மூணு வருஷமா எனக்கு வந்த கடிதமெல்லாம் இப்படித்தான் நடுங்கும்.”

சொன்னவரின் பார்வை மினேகோவின் ஈர இலையில் நின்றது. அங்கிருந்து சுருளுக்குப் போய்த் திரும்பியது. இரண்டும் ஒரே கை இழுத்த இலை.

“கை நடுங்கினவர் இதை எப்படி…”



“அவர் எழுதுவார்,” என்றாள் மினேகோ. “மிச்சத்தை அவர் கை மாதிரியே நான் வரைவேன். மூணு வருஷமா.”

“முத்திரையை எடுத்துக்கங்க. இனிமே உங்க சொந்த இலையையே வரைங்க,” என்றார் தெருஹிகோ.

மினேகோ தூரிகையைக் கழுவி வைத்தாள்.

“அது எப்படியிருக்கும்னு எனக்கே தெரியலையே.”